ஆடையில் பிறக்கும் மின்சாரம்

மனிதன் ஆடை உடுக்கத் தொடங்கியது மானத்தைக் காத்தற்பொருட்டும், வெயிலையும் பனியையும் தடுத்தற்பொருட்டும் ஆகும். நாளடைவில் ஆடை அழகுக்கும் உரியதாயிற்று. ஊருக்கும் தொழிலுக்கும் அடையாளமாகவும் அமைந்தது. அண்மைக் காலத்தில் அறிவியலறிஞர்கள் அதற்குப் புதியதொரு பணியைப் பயிற்றுவிக்க முனைந்துள்ளனர். உடுத்தியவர் நடக்கும்போதும், குனிந்து நிமிரும்போதும், கைவீசும்போதும் உண்டாகும் அசைவைக்கொண்டு மின்சாரம் விளைவித்தலே அப்பணி.

இச்செய்தியைக் கேட்டோருள் ஒரு சாரார், “இனி மின்நிலையங்கள் எதற்கு? ஊரார் அனைவரும் இவ்வாடையை உடுத்து நடந்தால் ஊர்முழுதும் விளக்கெரியுமே!” என்று வியக்கின்றனர். மற்றொரு சாரார், “துணியாவது, மின்சாரம் தருவதாவது! இஃது ஆய்வுக்கூடத்து விளையாட்டு” என்று நகைக்கின்றனர். வியப்பும் நகைப்பும் உண்மையை அறிதற்கு உதவா. இவ்வாடை தரும் ஆற்றல் எவ்வளவு, அது யாருக்குப் பயன்படும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இதனைப் போற்றுதலோ தள்ளுதலோ தகும். அவ்விடையைக் காண்பதற்குத் தஞ்சை வளநாடு தக்கதோர் உரைகல். நீரின் விசையையும் உடலின் உழைப்பையும் நெடுங்காலமாக அளந்து வாழ்ந்த நாடு அது.

காவிரியாறு கழனிகளை வளப்படுத்துவதோடு மின்சாரமும் தருகின்றது. 1902ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுச் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அதனைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கம்பிவழியே கொண்டுசென்றனர். தமிழ்நாட்டில் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. 1937ஆம் ஆண்டில் அங்கு மின்சாரம் பிறந்தது. அணையிலிருந்து இறங்கும் நீர் மின்நிலையத்துச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே ஓடுகின்றது. கல்லணையை அடைந்து பல கிளைகளாகப் பிரிந்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் பாய்கின்றது. மின்சாரம் எடுத்தமையால் நீரில் ஒரு துளியும் குறைவதில்லை. வீணே கழியவிருந்த வீழ்ச்சியின் விசை மட்டுமே பிடித்துக்கொள்ளப்படுகின்றது.

மின்னாடையின் அடிப்படைக் கருத்தும் இதுவே. மனிதன் தன் வேலையின்பொருட்டு எப்படியும் நடக்கின்றான். எப்படியும் கைகால்களை அசைக்கின்றான். அவ்வசைவால் ஆடை மடிகின்றது, நீள்கின்றது, ஒன்றோடொன்று உரசுகின்றது. இவ்வாறு வீணே கழியும் சிறு விசையைத் துணியின் இழைகளிலேயே பிடித்துக்கொள்ள இயலுமா என்பதே அறிஞர்கள் எழுப்பிய வினா. இயலும் என்று அவர்கள் காட்டியுள்ளனர். அதற்குரிய வழிகளுள் இரண்டு முதன்மையானவை.

முதல் வழி உராய்வு. உலர்ந்த தலைமுடியைச் சீவிய சீப்பு சிறு காகிதத் துண்டுகளைத் தன்பால் இழுப்பதைக் காணாத மாணவர் இரார். கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்தாலும் அவ்வாறே நிகழும். இரு வேறு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றொன்றில் எதிர்மின்னூட்டமும் தங்குவதே இதற்குக் காரணம். பண்டைக் கிரேக்கர் அம்பர் என்னும் பிசின்கல்லில் இத்தன்மையைக் கண்டனர். 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார். நெடுங்காலம் வேடிக்கையாகவே கருதப்பட்ட இவ்வுராய்வு மின்சாரத்தைத் தொடர்ந்து பெறுதற்குரிய மெல்லிய கருவியை, அமெரிக்க நாட்டு ஜார்ஜியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோங் லின் வாங் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2012ஆம் ஆண்டில் அமைத்தனர். அது முதல், துணியோடு துணி உரசுவதாலேயே மின்சாரம் பெறும் ஆய்வு பல நாடுகளிலும் பரவிற்று.

இரண்டாம் வழி அழுத்தம். சிலவகைப் பொருள்களை அழுத்தினாலும் வளைத்தாலும் அவற்றின் இருபுறத்திலும் மின்னூட்டம் தோன்றும். பிரெஞ்சு நாட்டு உடன்பிறப்பாளரான ஜாக் கியூரி, பியேர் கியூரி ஆகிய இருவரும் 1880ஆம் ஆண்டில் இவ்வுண்மையைப் படிகக் கற்களில் கண்டனர். அடுப்பங்கரையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க ‘டக்’கென்று அழுத்தப்படும் லைட்டரில் பொறி பறப்பதும் இதனாலேயாம். இத்தன்மை கல்லுக்கு மட்டும் உரியதன்று. பட்டு இழையிலும் இது சிறிதளவு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் எய்ச்சி ஃபுகாடா வெளியிட்டார். 1969ஆம் ஆண்டில் அந்நாட்டவரான ஹெய்ஜி கவாய், ஒருவகைப் பிளாஸ்டிக்கை இழுத்துப் பதப்படுத்தினால் இத்தன்மை மிக வலுவாக வெளிப்படும் என்று கண்டார். நூலாக நூற்கத்தக்க பொருளில் இத்தன்மை கிடைத்தமையால், நெசவுக்கு வழி பிறந்தது.

இவ்விழைகளில் மின்னோட்டம் பிறக்கும் முறையைத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைக்கொண்டு எளிதில் உணரலாம். அப்பொம்மையை ஒரு பக்கம் சாய்த்தால் அது மறுபக்கம் மீளும், மீண்டும் திரும்பும். அதுபோலவே, இழையை இழுக்கும்போது மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்; இழை தளரும்போது எதிர்த்திசையில் பாயும். அசைவு நின்றால் ஓட்டமும் நின்றுவிடும். ஆதலின், இருதிசை ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தும் உறுப்பும், சேர்த்து வைக்கும் மின்தேக்கியோ மின்கலமோ இவ்வாடைக்குத் துணையாக வேண்டும்.

இம்முறையில் அமைந்த துணிகளுள் குறிப்பிடத்தக்கது ஒன்று சுவீடன் நாட்டில் நெய்யப்பட்டது. அந்நாட்டுச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் போரோஸ் நகரத்து நெசவுக் கல்லூரியாரும் இணைந்து, அதனை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடுவே மின்கடத்தும் பொருளும், அதனைச் சுற்றி அழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் பிளாஸ்டிக்கும் அமைந்த மெல்லிய இழைகளைப் பாவாக இட்டு, மின்கடத்தும் நூலை ஊடையாகக் கொண்டு அவர்கள் நெய்தனர். அத்துணியைப் பையின் தோள்வாரில் பொருத்தி, பையில் 3 கிலோகிராம் எடையை வைத்துச் சுமந்து நடந்தபோது, 4 மைக்ரோவாட் மின்னாற்றல் தொடர்ந்து கிடைத்தது. புத்தகப்பை சுமந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அறியாமலே இத்தகைய ஆய்வுக்கு உரியவராகின்றனர் அன்றோ!

இந்தியாவிலும் துணியிலிருந்து மின்சாரம் பெறும் முயற்சிகள் நடந்துள்ளன. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சுமன் சக்கரவர்த்தி என்பாரும் அவர்தம் குழுவினரும் 2019ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். ஈரத்துணி உலரும்போது, உப்புக்கரைசல் அதன் நுண்ணிய இழைவழிகளில் ஏறுகின்றது. அவ்வோட்டத்தால் மின்னழுத்தம் தோன்றுகின்றது. ஒரு சிற்றூரில் சலவைத் தொழிலாளர் உலர்த்திய ஏறத்தாழ 50 துணிகளை இணைத்து, ஏறத்தாழ 24 மணிநேரத்தில் 10 வோல்ட் அளவுக்கு மின்தேக்கியை நிரப்பினர். அதனைக்கொண்டு ஒரு சிறிய வெள்ளை விளக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் எரிந்தது. இங்கே உழைத்தது உடலசைவன்று, வெயிலும் காற்றுமே. எனினும், எளியோர் அன்றாடம் செய்யும் தொழிலினூடே கழியும் ஆற்றலைத் தேடிய வகையில் இம்முயற்சி மின்னாடைக்கு நெருங்கிய உறவுடையது.

இனி, முதல் வினாவுக்கு விடை காண்போர் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 4 மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. வீட்டில் எரியும் 9 வாட் விளக்கு ஒன்றை ஏற்ற வேண்டுமாயின், அத்தகைய பை சுமந்து நடப்போர் 22 லட்சத்து 50 ஆயிரம் பேர் வேண்டும். கைப்பேசியின் மின்கலம் ஏறத்தாழ 15 வாட்-மணி ஆற்றலைக் கொள்ளும். அதனை ஒருவரே அப்பையைக்கொண்டு நிரப்ப முயன்றால், இரவும் பகலும் ஓயாது 400 ஆண்டுகளுக்கு மேல் நடத்தல் வேண்டும். தஞ்சையை நாயக்க மன்னர் ஆண்ட காலத்தில் நடக்கத் தொடங்கியவர் இன்றுதான் நடையை முடிப்பார்! ஆனால், 10 வாட் அளவுள்ள சிறு கதிரவத் தகடு ஒன்றைக் கூரைமேல் வைத்தால், நல்ல வெயிலில் இரண்டொரு மணிநேரத்தில் அவ்வேலை முடிந்துவிடும்.

“சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ? இன்று சிறிதாக இருப்பது நாளை பெருகாதோ?” என்று சிலர் கேட்கக்கூடும். துணியின் திறம் இன்னும் பன்மடங்கு உயரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை துணியில் இல்லை, உடலில் உள்ளது. ஆற்றல் வெறும் வெளியிலிருந்து தோன்றுவதில்லை. நாளொன்றுக்கு 2400 கிலோகலோரி உணவு உண்பவரின் உடல், சராசரியாக 116 வாட் அளவுக்கே ஆற்றலைச் செலவிடுகின்றது. அதனுள் பெரும்பகுதி உயிர்த்திருப்பதற்கும் உடலின் வெப்பத்தைக் காப்பதற்குமே செல்கின்றது. தொடர்ந்து கடுமையாக உழைக்கும் ஒருவர் வேலையாகத் தரக்கூடியது ஏறத்தாழ 75 வாட். ஆடை அசைவின் வழியே மிகுதியான மின்சாரத்தைப் பறிக்க முனைந்தால், அவ்வாடை நடையைத் தடுக்கும். கை வீசுவதற்கு இடர்செய்யும். அதனை ஈடுசெய்ய அவர் மேலும் உண்ண வேண்டும். அந்த மின்சாரத்தின் விலை சோறாகவே செலுத்தப்படும்.

இவ்வுண்மையைத் தமிழகத்து உழவர் நூல் கற்று அறிய வேண்டுவதில்லை. மின்சாரம் வருவதற்கு முன் கிணற்றுநீரை இறைக்க ஏற்றம் இருந்தது. ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்த மனிதனின் எடையும் நடையுமே நீரை மேலே கொணர்ந்தன. இறைகூடையை இருவர் பிடித்து வீசினர். அதுவும் உடலசைவிலிருந்து ஆற்றல் பெறும் முறையே. வைகறை முதல் வெயிலேறும் வரை இறைத்தவரின் தோளும் காலும் அதன் விலையை அறிந்திருந்தன. மின்விசையால் இயங்கும் பம்பு வந்தபோது, உழவர் ஏற்றத்தை விட்டொழித்தனர். அஃது அறிவுடைய செயலே. மனிதனை மீண்டும் ஏற்றத்தின்மேல் ஏற்றும் எந்தக் கருவியும், எத்துணை நுட்பம் உடையதாயினும், முன்னேற்றம் ஆகாது. ஆதலின், மின்னாடை எடுக்கத்தக்கது வீணே கழியும் அசைவை மட்டுமே. உழைப்பவரின் வலிவை அன்று.

அங்ஙனமாயின் இச்சிறு ஆற்றலால் பயன் யாது? சிறு பணிக்குச் சிறு ஆற்றலே போதும் என்பதை மறத்தல் ஆகாது. கைக்கடிகாரம் ஒன்று இயங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோவாட் போதும். 1988ஆம் ஆண்டிலேயே சப்பானிய நாட்டு சீக்கோ நிறுவனத்தார், அணிந்தவரின் கையசைவால் மின்சாரம் பெற்று இயங்கும் கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். உடல் வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் இடையிடையே அளக்கும் நுண்கருவிகளுக்கும் மிகச் சிறிய ஆற்றலே வேண்டும். அவற்றுக்கு மின்கலம் மாற்றும் தொல்லை இல்லாமல் ஆடையே ஆற்றல் தருமாயின், அது பெரும்பேறே. தீர்ந்துபோன மின்கலங்கள் குப்பையிலும் வாய்க்காலிலும் சேர்ந்து மண்ணைக் கெடுப்பதும் ஓரளவு குறையும்.

இப்பயன் யாருக்குச் சேர வேண்டும் என்பதே இரண்டாம் வினா. இத்தகைய ஆடைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளையாட்டு வீரரையும், போர்வீரரையும், உடற்பயிற்சி செய்யும் செல்வரையுமே எண்ணுகின்றனர். ஆனால், உடலசைவு மிகுந்தவர் யார்? தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்களில் அவர்களைக் காணலாம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பரவியுள்ள இந்நாளிலும், முழங்காலளவு சேற்றில் நின்று நாற்று நடும் பெண்கள் உள்ளனர். களை பறிப்போர் உள்ளனர். மூட்டை சுமப்போர் உள்ளனர். கடும் வெயிலில் உடலின் வெப்பம் எல்லை மீறுவதை உழைப்பவர் தாமே உணர்வதற்குள் மயக்கம் வந்துவிடுகின்றது. “இனி நிழலுக்குச் செல்க, நீர் பருகுக” என்று எச்சரிக்கும் சிறு கருவியொன்று அவர்தம் உடையிலேயே அமைந்து, அவர்தம் அசைவாலேயே இயங்குமாயின், அது உயிர்காக்கும் துணையாகும்.

அத்தகைய துணி கழனிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். உராய்வால் மின்சாரம் தரும் துணி பொதுவாக ஈரத்தில் வலியிழக்கும். வியர்வையும் சேறும் அதற்குப் பகை. சுவீடன் நாட்டார் நெய்த துணியோ நனைந்தபோதும் குன்றாமல் இயங்கியது. டெல்டாவின் சேற்றில் ஊறி, வியர்வையில் தோய்ந்து, படித்துறைக் கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்த பின்னும் தன் வேலையைச் செய்யும் துணியே உழைப்பவர்க்கு உரியது. உலர்ந்த ஆய்வறையில் ஒரு நாள் ஒளிவிட்டு, முதல் சலவையில் அவிந்துபோகும் துணி கண்காட்சிக்கே உரியது. விலையும் எளிதாதல் வேண்டும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் பல இருளில் கிடந்தன, கைப்பேசிகள் அடங்கின, உறவினர் நிலையை அறிய இயலாமல் மக்கள் தவித்தனர். அத்தகைய காலத்தில் மின்னாடை ஊருக்கு ஒளிதந்திருக்கும் என்று கூறுவது பொய். அப்பணிக்கு ஊர்தோறும் கதிரவத் தகடுகளும் பெரிய மின்கலங்களும் வேண்டும். மின்கலம் பற்றிய ஆராய்ச்சிக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கழகம் 1953ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. ஆனால், சிறிது சிறிதாகச் சேர்த்த ஆற்றலைக்கொண்டு இடையிடையே ஒரு குறுஞ்சைகையை வானலைவழியே அனுப்புதல் துணிக்கும் இயலக்கூடியதே. கடலில் திசைதப்பிய மீனவர் “இங்கே இருக்கின்றேன்” என்று அறிவிக்க அத்தகைய சைகை உதவுமாயின், அதன் மதிப்பை வாட் கணக்கால் அளக்க இயலாது. பேராற்றல் செய்யும் பணியைச் சிற்றாற்றலிடம் எதிர்பார்த்தலும் பிழை. சிற்றாற்றலால் முடிவதைச் சிறிது என்று இகழ்தலும் பிழை.

மேலும், துணி என்று வரும்போது நெசவாளரை மறத்தல் தகாது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள திருபுவனத்தின் பட்டுச்சேலை 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள தறிகளில் பட்டும் சரிகையும் இணைந்து ஓடுகின்றன. பட்டோ அழுத்தத்தால் சிறிதளவு மின்னூட்டம் பெறும் இழை. மரபுவழிச் சரிகையோ பட்டு நூலின்மேல் வெள்ளிக்கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மின்சாரத்தைக் கடத்த வல்லது. இதனால் பட்டுச்சேலையே மின்நிலையம் ஆகிவிடாது. எனினும், உலோக இழையை மென்மையான நூலோடு அறுந்துபோகாமல் நெய்யும் கைத்திறம் இந்நாட்டு நெசவாளரிடம் தலைமுறைகளாக உள்ளது. மின்னாடையை ஆராயும் பொறியியலார் அவர்களிடம் சென்று கற்றல் வேண்டும். பயன் விளையும்போது அதில் அவர்களுக்கும் பங்கு தருதல் வேண்டும்.

இறுதியாக எண்ணத்தக்கது ஒன்று உண்டு. உடலை அளக்கும் ஆடை உழைப்பவரைக் காக்கவும் கூடும். அவரை வேவு பார்க்கவும் கூடும். ஒருவர் எத்தனை முறை குனிந்தார், எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தார் என்பவற்றையெல்லாம் அது கணக்கிட்டு, வேலை தருபவருக்கு அறிவிக்குமாயின், உழைப்பவரின் அசைவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். தன் உடலசைவால் பிறந்த மின்சாரமும், அதனால் அறியப்பட்ட செய்தியும் உடுத்தியவருக்கே உரியவை. அவர் இசைவின்றி அவற்றைப் பிறர் எடுத்தல், ஒருவர் விளைத்த நெல்லை மற்றொருவர் தம் களத்துக்கு வாரிச் செல்லுதலோடு ஒக்கும்.

ஆகவே, மின்னாடையை மதிப்பிடுதற்கு மூன்று அளவுகோல்கள் போதும். அது வீணாகும் அசைவை மட்டும் எடுக்கின்றதா, அன்றி உடுத்தியவரின் வலிவைக் கவர்கின்றதா? அது நீரையும் சேற்றையும் சலவையையும் தாங்கி எளியவர் கைக்கு எட்டுகின்றதா? அதன் பயன் உழைப்பவரைச் சேர்கின்றதா? இம்மூன்றுக்கும் ஏற்ற விடை தரும் துணி, ஒரு விளக்கையும் ஏற்றாவிடினும் போற்றத்தக்கதே. இவற்றுள் ஒன்றில் தவறினும், அது எத்துணை ஒளிவிட்டாலும் கொள்ளத்தக்கதன்று.

அறிவியலைக் கற்கும் இளைஞர் புதுமையைக் கண்டு மயங்காமலும், சிறுமையைக் கண்டு இகழாமலும் அளந்தறியப் பழகுதல் வேண்டும். ஆய்வறையில் கருவியின் ஆற்றலை அளக்கக் கற்பவர், வயலில் நிற்பவரின் தேவையையும் அளக்கக் கற்றால், அவர் கையில் பிறக்கும் துணி நாட்டுக்குப் பயன்படும்.